அவுட்போர்டு இன்ஜினுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரி: கையேடு கேட்பது ஒன்று, கடையில் காட்டுவது மூன்று

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மும்பைத் துறைமுகப் பகுதியில் கடலடி ஆழம் அளக்கும் ஒப்பந்தப் பணியைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஃபைபர் படகில் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் வகை, உள்ளது. எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் இ.எஃப்.ஐ. வகை. பாவுச்சா தக்கா படகுத்துறை (ஃபெரி வார்ஃப்) பக்கம் கட்டி வைக்கிறோம். பழைய பேட்டரி காலையில் ஒருமுறை செல்ஃப் எடுக்கிறது. நடுவில் இன்ஜினை நிறுத்தி மறுபடி போட்டால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. அதே நேரத்தில், அதே பேட்டரியில் இணைத்துள்ள எக்கோ சவுண்டரும் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) அணைந்து மறுபடி தொடங்குவதால், அதுவரை அளந்த வரிசையைத் திரும்பவும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

இன்ஜின் கையேட்டில் பேட்டரிக்குக் குறைந்தபட்சத் தேவை 430 சி.சி.ஏ. (ஸ்டார்ட் செய்யும்போது தரக்கூடிய மின்னோட்டம்), 70 ஆம்பியர்-மணி (மொத்தக் கொள்ளளவு) என்று இருக்கிறது. கடையில் இந்தத் தாளைக் காட்டியபோது மூன்றை முன்னே வைத்தார்கள். ஒன்று, என்.எஸ்.60 எனப்படும் 45 ஆம்பியர்-மணி கார் பேட்டரி. இரண்டாவது, 150 ஆம்பியர்-மணி டியூபுலர் இன்வர்ட்டர் பேட்டரி. "நீங்கள் கேட்டதைப் போல இரு மடங்கு, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றார்கள். மூன்றாவது, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி; எடை குறைவு, விலை கூடுதல். எதை எடுப்பது என்று தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும், ஏனென்றால் நான் அலுவலகத்துக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

மாட்டுங்கா_மாலுமி எழுதியது:

மூன்றும் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தேவைப்படுவது மிகப் பெரிய மின்னோட்டம், ஆனால் மிகக் குறைந்த நேரத்துக்கு. உங்கள் இன்ஜின் 150 ஆம்பியர் இழுத்து மூன்று விநாடியில் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவாவது 450 ஆம்பியர்-விநாடி. ஓர் ஆம்பியர்-மணி என்பது 3600 ஆம்பியர்-விநாடி என்பதால், அது ஓர் ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே 45, 70, 150 என்ற எண்கள் ஸ்டார்ட் செய்வதைத் தீர்மானிப்பதில்லை. அந்த 150 ஆம்பியரை ஒரே மூச்சில், வோல்டேஜ் சரியாமல் தர முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது தகடுகளின் மொத்தப் பரப்பும் பேட்டரியின் உள்தடையும். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். டியூபுலரில் தடித்த தகடுகள் குறைவாக இருக்கும். பின்னது மணிக்கணக்கில் மின்விசிறி ஓட்டப் பிறந்தது.

சி.சி.ஏ. என்பது இந்தத் திறனைக் குறிக்கும் எண். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்து, 30 விநாடி நேரம், வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எவ்வளவு ஆம்பியர் எடுக்க முடியும் என்பதே அது. எம்.சி.ஏ. என்று படகு பேட்டரிகளில் அச்சிடுவதும் இதே சோதனைதான், ஆனால் 0 டிகிரியில் செய்வது. அதனால் ஒரே பேட்டரிக்கு எம்.சி.ஏ. எண் சுமார் கால் பங்கு கூடுதலாக வரும். 430 சி.சி.ஏ. என்பது ஏறத்தாழ 540 எம்.சி.ஏ.வுக்குச் சமம். மாறாக, லேபிளில் 430 எம்.சி.ஏ. என்று இருந்தால் அது ஏறத்தாழ 345 சி.சி.ஏ. மட்டுமே. எண் பொருந்துகிறது என்று வாங்கிவிட்டு, அளவுகோல் வேறு என்பதைக் கவனிக்காமல் விடுபவர்கள் மிகப் பலர். சில லேபிள்களில் ஈ.என். என்ற ஐரோப்பிய அளவு இருக்கும்; அதுவும் மைனஸ் 18 டிகிரிதான், ஆனால் 10 விநாடியில் 7.5 வோல்ட் என்ற வேறு நிபந்தனை. உங்கள் கையேடு 430-க்குப் பக்கத்தில் எந்தப் பெயரை எழுதியிருக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

பார்த்தேன். சி.சி.ஏ. என்றும் சாய்கோட்டுக்குப் பின் ஈ.என். என்றும் இருக்கிறது. இன்னொரு ஐயம். என்.எஸ்.60 பேட்டரியின் பக்கத்தில் 55பி24எல் என்று அச்சிட்டிருந்தது. அந்த 55 என்ன?

மாட்டுங்கா_மாலுமி எழுதியது:

அது ஜப்பானியத் தர அளவின் குறியீடு. முதலில் வரும் 55 செயல்திறன் தரவரிசை. ஆம்பியரும் இல்லை, ஆம்பியர்-மணியும் இல்லை. 'பி' என்பது பெட்டியின் அகலமும் உயரமும் எந்தப் பிரிவு என்பதைச் சொல்கிறது. 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து டெர்மினல்கள் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். இந்த அளவுப் பெட்டியில் 430-ஐ எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது 'டி' பிரிவு, 26 சென்டிமீட்டர் நீளம் போன்ற பெட்டி, அல்லது அதற்கு நிகரான டி.ஐ.என். (ஜெர்மன் தர அளவு) பெட்டி. வாங்கும்போது லேபிளில் சி.சி.ஏ. எண் தனியே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எண்ணே இல்லாத பேட்டரியை, கடைக்காரர் வாய்மொழியாக எவ்வளவு சொன்னாலும், ஸ்டார்ட்டிங் வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

ஐரோலி_பவர் எழுதியது:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. மைனஸ் 18 டிகிரியில் செய்த சோதனையை வைத்து மும்பைக்கு பேட்டரி வாங்குவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை. இங்கே ஜனவரி விடியற்காலையில்கூடக் கம்பளி தேடுவோர் சிலரே. 30 டிகிரியில் எந்த ஈய-அமில பேட்டரியும் தன் சி.சி.ஏ. எண்ணை விடக் கூடுதலாகவே கொடுக்கும். ஆகவே கையேட்டின் 430 குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதியது என்று கொண்டு, 300 அல்லது 350 உள்ள பேட்டரியோடு நிம்மதியாக இருக்கலாம். டியூபுலரையும் முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. 150 ஆம்பியர்-மணி அளவில் 150 ஆம்பியரைச் சில விநாடி அது தரும். எக்கோ சவுண்டருக்கும் நாள் முழுக்கத் தாங்கும்.

மாட்டுங்கா_மாலுமி எழுதியது:

வெப்பத்தில் கூடுதலாகக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உபரியைத் தின்பதற்கு மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

முதலாவது, வயது. ஈய-அமில பேட்டரியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. வெயிலில் மூடி கிடக்கும் படகுப் பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தவருக்குத் தெரியும். புதிதில் 350 இருந்தது ஓரிரு ஆண்டில் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள்.

இரண்டாவது, இ.எஃப்.ஐ. கணினி. பழைய கார்புரேட்டர் இன்ஜின் 9 வோல்ட்டில் திணறித் திணறியாவது பிடித்துவிடும். இ.எஃப்.ஐ. இன்ஜினில் ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே சரிந்தால், கணினியும் எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. இன்ஜின் நன்றாகவே சுழலும், ஆனால் பிடிக்காது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றுவார், எல்லாம் செய்வார். குற்றவாளி பேட்டரி என்பது கடைசியில்தான் தெரியும்.

மூன்றாவது, வயர். அதைத் தாராவி அண்ணாச்சி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

டியூபுலர் குறித்து: ஐம்பது கிலோவைத் தொடும் உயரமான ஒரு பெட்டியைச் சிறு படகின் பின்பக்கம் வைத்து, ஃபெரி கிளப்பும் அலையில் ஆட்டிப் பாருங்கள். மின்சாரக் கணக்குக்கு முன்பே எடைக் கணக்கு உதைக்கும். அதிர்வைத் தாங்கவும் அது கட்டப்படவில்லை.

தாராவி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

என் பெயர் அடிபட்டதால் வந்தேன். நான் படகுக்கு வயரிங் செய்கிறவன். சாசூன் டாக் பக்கம் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

சர்வேயர் ஐயா, உங்கள் படகில் பேட்டரி எங்கே இருக்கிறது? முன்பக்கம் என்றால் கேபிளைப் பாருங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு நான்கு மீட்டர் என்றால், போக வர எட்டு மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 150 ஆம்பியர் போனால் கேபிளிலேயே 1.3 வோல்ட் போய்விடும். பேட்டரி முனையில் 10.5 வோல்ட் இருந்தாலும் ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 9.2 தான். அதையே 35 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் இழப்பு 0.6 வோல்ட்; 50 போட்டால் 0.45-க்கும் கீழே. பேட்டரியை இன்ஜினுக்கு அருகில் நகர்த்த முடிந்தால் அதைவிட மலிவான வழி இல்லை. மின்பொருள் கடைகள் நிறைந்த லோஹார் சாலில் கேபிள் வாங்கும்போது, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணச் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும், உரித்துப் பார்த்தால் கம்பி கரி போல உதிரும்.

அடுத்தது டெர்மினல். அவுட்போர்டு கேபிளின் முனையில் வட்டக் கண் லக் இருக்கும்; அது போல்ட்டில் மாட்டுவதற்கானது. கார் பேட்டரியில் இருப்பதோ கூம்பு வடிவ ஈய முளை. சிலர் அந்த முளையில் துளையிட்டு ஸ்க்ரூ முறுக்குகிறார்கள், சிலர் கம்பியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். இரண்டுமே கூடாது. கூம்பு முளைக்கு மேலே மாட்டி, போல்ட் முனையாக மாற்றித் தரும் பித்தளை அடாப்டர் நாக்தேவி தெருவில் தேடினால் கிடைக்கும். கூம்பிலும் தடி, மெலிசு என இரண்டு அளவு உண்டு. பிளஸ் முளை மைனஸை விடச் சற்றுத் தடியாக இருக்கும். அடாப்டரைப் பேட்டரியோடு சேர்த்தே பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். படகு பேட்டரியாகவே வாங்கினால் மரை போட்ட போல்ட் முனை அதிலேயே வரும். அதற்குச் சிறகு நட்டுப் போட்டுத் தந்திருப்பார்கள். கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பேனர் போட்டு முறுக்கும் ஆறுமுக நட்டும் பூட்டு வாஷரும் போடுங்கள். தடித்த கேபிள்களுக்குச் சிறகு நட்டு கூடாது என்று அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி.யின் விதியிலேயே இருக்கிறது. அதிர்வில் அது கழன்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தொடர்பு விட்டுப்போனால், இன்ஜின் தரும் மின்சாரத்தைச் சார்ஜுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் போய்விடும். அதன் விலையைக் கேட்டால் பேட்டரி இலவசம் போலத் தோன்றும்.

பிளஸ் மைனஸ் மாற்றி ஒரு கணம் தொட்டாலும் அதே கதிதான். உங்கள் பழைய பேட்டரியில் பிளஸ் எந்தப் பக்கம் இருந்ததோ, புதியதிலும் அதே பக்கம் இருக்கும்படி வாங்குங்கள். கேபிள் எட்டவில்லை என்று பேட்டரியைத் திருப்பி வைப்பவர்கள்தான் இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

மிக்க நன்றி, அண்ணாச்சி. பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, அதாவது படகின் நடுவில் இருக்கிறது. கேபிளின் மேல் 16 என்றே அச்சிட்டிருக்கிறது.

லித்தியம் குறித்து யாரும் சொல்லவில்லையே. எங்கள் இளம் பொறியாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

குளச்சல்_கடலோடி எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் வள்ளங்களில் கயிறு இழுத்தே இன்ஜின் போடுவோம். பேட்டரி செத்தாலும் கரை வந்து சேரலாம். 60 குதிரைத்திறனில் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை, அதனால் நீங்கள் பேட்டரியை ஆராய்வது சரிதான்.

லித்தியம் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, அதாவது பி.எம்.எஸ். கடையில் விற்கும் பெரும்பாலான 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகளின் பி.எம்.எஸ். 100 ஆம்பியர் அளவுக்கே தொடர்ந்து அனுமதிக்கும். ஸ்டார்ட்டரின் முதல் இழுப்பை அது குறுக்குச்சுற்று என்று எண்ணி வெட்டிவிடக்கூடும். ஸ்டார்ட்டிங் வேலைக்கென்றே செய்த லித்தியம் வேறு. இரண்டாவது, சார்ஜ் முழுதானதும் அல்லது சூடானதும் பி.எம்.எஸ். தொடர்பைத் துண்டித்தால், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றியதற்குச் சமம்; அண்ணாச்சி சொன்ன ரெக்டிஃபையர் கதை மறுபடி வரும். அதோடு, காலியான லித்தியம் தன் உள்தடை குறைவு என்பதால் கொடுக்கும் மின்சாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளைவீலுக்கு அடியில் மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டர் நெடுநேரம் முழுச் சுமையில் காயும். இன்ஜின் கையேடு லித்தியத்தை வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும் யோசியுங்கள்.

உங்களுடைய உண்மையான நோய் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆழம் அளக்கும்போது எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறீர்கள்?

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

மூன்று, நான்கு நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகம்தான். வரிசை பிசகக் கூடாது என்பதால் அதற்கு மேல் போவதில்லை. எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., மடிக்கணினி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 6 ஆம்பியர் எடுக்கின்றன.

குளச்சல்_கடலோடி எழுதியது:

அதேதான். இன்ஜின் விவரத்தில் 16 ஆம்பியர் சார்ஜ், 17 ஆம்பியர் சார்ஜ் என்று போட்டிருப்பது உயர் சுழற்சியில் வரும் அளவு. அவுட்போர்டு கிட்டத்தட்ட சும்மா ஓடும் சுழற்சியில் அதில் ஒரு பகுதிதான் வரும். அதிலும் இன்ஜினின் கணினிக்கும் எரிபொருள் பம்புக்கும் போக மிச்சம்தான் உங்கள் கருவிகளுக்கும் பேட்டரிக்கும். நீங்கள் இன்ஜினை நிறுத்தி மிதக்கும் நேரத்தில் அதுவும் இல்லை. 6 ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேரம் என்றால் 30 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி. ஸ்டார்ட்டிங் பேட்டரியின் மெல்லிய தகடுகள் தினமும் பாதிவரை இறங்கி ஏறுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. நீங்கள் 430-க்குப் பதில் 600 சி.சி.ஏ. வாங்கினாலும், இதே பழக்கம் தொடர்ந்தால் அதுவும் சீக்கிரமே 'டிக் டிக்' சொல்லும்.

ஆகவே பேட்டரி இரண்டு வேண்டும். இன்ஜினுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரி, கருவிகளுக்குத் தனியாக, அடிக்கடி ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும் டீப்-சைக்கிள் பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் வி.எஸ்.ஆர். ரிலே ஒன்று. இன்ஜின் ஓடி ஸ்டார்ட்டிங் பேட்டரியின் வோல்டேஜ் 13.3 அல்லது அதற்குச் சற்று மேல் ஏறியதும் ரிலே இரண்டையும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். ஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் பிரிந்தே இருப்பதால் எக்கோ சவுண்டர் அந்தச் சரிவைப் பார்க்கவே பார்க்காது.

ஐரோலி_பவர் எழுதியது:

இரண்டாகப் பிரித்தால் என் வாதத்தில் பாதிக்கு வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெதுவான ஓட்டத்தில் சார்ஜே போதவில்லை என்னும்போது, வி.எஸ்.ஆர். மட்டும் கருவி பேட்டரியை எப்படி நிரப்பும்? மாலையில் கரையில் வைத்துச் சார்ஜரில் போடத்தான் வேண்டும்.

குளச்சல்_கடலோடி எழுதியது:

உண்மை. போகும்போதும் வரும்போதும் வேகமாக ஓடும் நேரத்தில் ஓரளவு ஏறும். மீதி கரைச் சார்ஜர்தான். கருவி பேட்டரியைக் கழற்றித் தூக்கிச் செல்ல வசதியாக, அதை மட்டும் சிறியதாக வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு லித்தியமும் ஒத்துவரும். ஆனால் அப்போது அதை வி.எஸ்.ஆரில் இணைக்காமல் முற்றாகத் தனியே வைத்து, கரையில் அதற்குரிய சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். உங்கள் இளம் பொறியாளர்களுக்கும் மனக்குறை இருக்காது.

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

இந்த ஏற்பாடு அலுவலகத்தில் எடுபடும் என்று நம்புகிறேன். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் வகையா, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்து மூடிய ஏ.ஜி.எம்.மா என்பது மட்டும் மிச்சம்.

மாட்டுங்கா_மாலுமி எழுதியது:

உங்கள் இன்ஜினில் ரெகுலேட்டர் இருப்பதால் இரண்டுமே ஒத்துவரும். ரெகுலேட்டர் இல்லாத பழைய சிறு இன்ஜின்களில்தான் வோல்டேஜ் 15-ஐத் தாண்டி ஏ.ஜி.எம்.மை உலர்த்திவிடும், அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வகைதான் சரி. ஜெல் வகையைத் தவிருங்கள், அதன் சார்ஜ் வோல்டேஜ் எல்லை குறைவு. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஏ.ஜி.எம். எடுங்கள் என்பேன்: அதிர்வைத் தாங்கும், அமிலம் சிந்தாது, சும்மா கிடக்கும்போது தானாக இறங்குவதும் குறைவு. தண்ணீர் ஊற்றும் வகையில் படகுக்கென்று ஓர் ஆபத்து உண்டு. கடல் நீர் உள்ளே புகுந்தால் அமிலத்தோடு சேர்ந்து குளோரின் வாயு வரும். எதுவானாலும் மூடியுள்ள பெட்டிக்குள், பட்டையால் இறுகக் கட்டி, காற்றுப் போக வழி விட்டு, பெட்ரோல் டாங்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடையில் மூன்றைச் செய்யச் சொல்லுங்கள். தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். பல மாதம் அலமாரியில் கிடந்தது வேண்டாம். எதையும் இணைக்காமல் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள், 12.6-க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். டிஜிட்டல் டெஸ்டரில் சோதிக்கும்போது, அதில் எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எட்டிப் பாருங்கள். தவறான அளவுகோலைப் போட்டுவிட்டு 'நல்ல பேட்டரி' என்ற பச்சை விளக்கைக் காட்டுவது வழக்கமாக நடப்பது. உத்தரவாத அட்டையில் படகுப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள். கார் பேட்டரிகளில் அப்படி ஒரு வரி ஒளிந்திருக்கும்.

தாராவி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

மழைக்காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை. உங்களுடையது மீன்பிடிப் படகு இல்லை என்றாலும் சிறு படகு என்பதால் அநேகமாகக் கரையேற்றித்தான் வைப்பீர்கள். பேட்டரியைப் படகிலேயே விட்டுவிடாதீர்கள். கழற்றி, முழுச் சார்ஜ் ஏற்றி, உலர்ந்த அறையில் வைத்து, மாதம் ஒருமுறை வோல்டேஜ் பாருங்கள், 12.4-க்குக் கீழே போனால் உடனே ஏற்றுங்கள். இறங்கிய நிலையிலேயே இரண்டு மாதம் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். ஆகஸ்டில் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் திரும்பாது.

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

ஒரு கடைசிக் கேள்வி. பழைய பேட்டரி இன்னும் காலையில் ஒருமுறை செல்ஃப் எடுக்கிறதே, அதையே கருவிகளுக்கு வைத்துக்கொண்டு செலவைக் குறைக்கலாமா?

மாட்டுங்கா_மாலுமி எழுதியது:

வேண்டாம். நலிந்த பேட்டரியை வி.எஸ்.ஆர். வழியாகப் புதியதோடு இணைத்தால், இன்ஜின் தரும் கொஞ்சச் சார்ஜையும் அது விழுங்கிவிடும். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படியும் அதைப் பொதுக் குப்பையில் போடக்கூடாது. கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அண்ணாச்சியின் 35 சதுர மில்லிமீட்டர் கேபிளை முதலில் மாற்றி, பழைய பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மல்டிமீட்டரைப் பேட்டரி முளைகளில் ஒருமுறையும் ஸ்டார்ட்டர் முனைகளில் ஒருமுறையும் வைத்து அளக்கட்டும். இரண்டுக்கும் வேறுபாடு அரை வோல்ட்டுக்கு அதிகமாக இருந்தால் இணைப்புகளில் இன்னும் வேலை இருக்கிறது. பேட்டரி முளைகளிலேயே 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான். இரண்டு எண்களையும் இங்கே பதிவிடுங்கள். பெட்டி அளவை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

செம்பூர்_சர்வேயர் எழுதியது:

அப்படியே செய்கிறேன். சனிக்கிழமை நாக்தேவி தெருவுக்கும் லோஹார் சாலுக்கும் போகிறேன். கேபிள் மாற்றியதும் அளவுகளோடு வருகிறேன்.